லாக் ஃபைல் இல்லாம பிழை திருத்த முடியுமா?

நீங்க எழுதின ப்ரோகிராம் பாதியில நின்னுட்டா முதல்ல எதைப் பார்ப்பீங்க? லாக் ஃபைலைத்தானே! அமெரிக்காவில் காருக்கு அப்படி ஒரு லாக் இருக்கு. துப்பாக்கிக்கு ரொம்ப காலம் சரியா இல்லை. அதனால என்ன ஆச்சுன்னு பாருங்க.

முதல்ல கார். 1966-ல் அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்காக உருவான அரசு அமைப்பின் முதல் தலைவர் பொறியாளர் இல்லை. வில்லியம் ஹாடன் என்ற பொது சுகாதார மருத்துவர். "ஓட்டுநர் மேலதான் தப்பு" என்பதோடு அவர் நிற்கவில்லை. மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று பிரித்து, எங்கே உயிரைக் காப்பாற்றலாம் என்று தேடினார். 1975 முதல் உயிரிழப்பு ஏற்பட்ட ஒவ்வொரு சாலை விபத்தும் ஒரே தரவுத்தளத்தில் பதிவாகிறது: எத்தனை மணி, எந்த மாதிரி சாலை, சீட் பெல்ட் போட்டிருந்தாங்களா, குடிச்சிருந்தாங்களா. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் எவ்வளவு உயிரைக் காக்குதுன்னு கணக்கு போட்டது இதை வெச்சுத்தான். 1966-ல் 10 கோடி மைல் ஓட்டத்துக்கு 5 பேருக்கு மேல் இறந்தார்கள், இப்போது 1.5-க்கும் கீழே.

அடுத்து துப்பாக்கி. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே கொலை நடக்கும் அபாயம் அதிகம் என்று, சி.டி.சி. என்ற நோய்த்தடுப்பு அமைப்பின் நிதியில் நடந்த ஓர் ஆய்வு 1993-ல் சொன்னது. துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க சி.டி.சி. பணம் செலவிடக்கூடாது என்று 1996-ல் "டிக்கி திருத்தம்" வந்தது. ஆய்வே செய்யாதேன்னு அதில் எழுதலை. ஆனா இதற்கான 26 லட்சம் டாலர் வேறு வேலைக்குப் போயிடுச்சு. நமக்கு எதுக்கு வம்புன்னு அமைப்பும் ஒதுங்கிடுச்சு. எத்தனை பேர் இறந்தாங்கன்னு இறப்புச் சான்றிதழ் சொல்லும். எதைச் செய்தா அடுத்த உயிர் பிழைக்கும்னு அது சொல்லாது.

எதிர்ப்பவங்க பயம் இதுதான்: இன்னைக்கு கணக்கெடுப்பாங்க, நாளைக்கு துப்பாக்கியைப் பிடுங்குவாங்க. அங்கே அது அரசியலமைப்பு தந்த உரிமை. அதனால அந்தப் பயத்தைச் சிரிச்சு ஒதுக்க முடியாது. ஆனா கார் விபத்தை இத்தனை வருஷமா எண்ணியும் யாரும் காரைப் பிடுங்கலையே! திருத்தம் கொண்டுவந்த ஜே டிக்கியே 2012-ல் ஆய்வு வேணும்னு எழுதினார். 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினாங்க. அதே 2020-ல், 1 முதல் 19 வயதுள்ளவர்களைக் கொல்வதில் துப்பாக்கி காரை முந்தியது.

எந்தச் சட்டம் வேணும்னு அவங்க சண்டை போடட்டும். ஆனா தரவு இல்லாம போட்டா, ரெண்டு பக்கமும் ஊகத்தை வெச்சுத்தான் பேசணும்.