ஃபிரேம் ரிலேயில் போக்குவரத்துச் சீரமைப்பு

போக்குவரத்துச் சீரமைப்பு என்பது ஃபிரேம் ரிலே வலையமைப்பினுள் தரவு நுழையும் வேகத்தை, அதை அனுப்பும் திசைவியே கட்டுப்படுத்தும் முறையாகும். நெரிசல் ஏற்பட்டால் ஃபிரேம் ரிலே தரவுச் சட்டகங்களைக் கைவிட்டுவிடும். அவற்றை மீண்டும் அனுப்பாது. அனுப்பிய கணினியே மறுபடியும் அனுப்ப நேர்வதால் நெரிசல் மேலும் கூடும். ஆகவே, இழப்பதைவிடச் சற்றுக் காத்திருப்பதே மேல்.

ஒவ்வொரு மெய்நிகர் சுற்றுக்கும் சேவை வழங்குநர் ஒரு வேகத்தை உறுதியளிக்கிறார். அது நொடிக்கு 64,000 பிட்டுகள் என்றும், ஒரு தவணையில் அனுப்பக்கூடிய அளவு 8,000 பிட்டுகள் என்றும் கொள்வோம். 8,000 ÷ 64,000 = 0.125. அதாவது, ஒரு தவணை 125 மில்லிநொடி. இணைப்பின் உண்மையான வேகம் நொடிக்கு 128,000 பிட்டுகள் எனில், 8,000 பிட்டுகளும் 62.5 மில்லிநொடியில் சென்றுவிடும். மீதி 62.5 மில்லிநொடிக்கு, அடுத்துள்ள சட்டகங்களைத் திசைவி வரிசையில் நிறுத்திவைக்கும்.

ஒப்புக்கொண்ட அளவை மீறி வரும் சட்டகங்களில், 'கைவிடத்தக்கது' எனக் குறிக்கும் பிட்டை வலையமைப்பு 1 ஆக்கும். நெரிசலின்போது முதலில் கைவிடப்படுபவை இவையே. எதிர்த்திசையிலிருந்து வரும் சட்டகங்களில் பின்னோக்கு நெரிசல் அறிவிப்புப் பிட் 1 ஆக இருந்தால், அதைக் கண்டு திசைவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.