கஞ்சிராவுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ் கிடார்

ஜாஸ் இசையில் எலெக்ட்ரிக் பேஸை யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று சிதம்பரத்தில் மிருதங்கம் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். 1976இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு அந்த வாத்தியத்தின் தலையெழுத்தே மாறிவிட்டது என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் லயம் படிக்கிற பிள்ளையை நான் முதலில் அங்கே அனுப்ப மாட்டேன். அந்த ஆல்பத்தின் முதல் தடம் ‘டோனா லீ’. ஜாஸ் கலைஞர்களுக்கு மனப்பாடமாகிப்போன ஒரு மெட்டை, காங்கா தாளம் மட்டும் துணையிருக்க, பேஸிலேயே வாசித்துக் காட்டுகிறார். மூல மெட்டே பழக்கமில்லாதவருக்கு அந்தத் துணிச்சலின் அருமை எப்படிப் பிடிபடும்?

அந்த மாணவருக்கு நான் சொல்லும் பெயர் ஜோனாஸ் ஹெல்போர்க். 1958இல் ஸ்வீடனில் பிறந்தவர். கிடார் கலைஞர் ஜான் மெக்லாலின் 1984இல் தன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை மறுபடி கூட்டியபோது அதில் பேஸ் வாசித்தவர். அப்போது வந்த ஆல்பத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது: கடம் வித்வான் விக்கு விநாயகராமின் பிள்ளைகளோடு அவர் சேர்ந்து செய்த இசை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. மெக்லாலினும் எல். சங்கரும் ஜாகிர் உசேனும் விநாயகராமும் எழுபதுகளில் நடத்திய ‘சக்தி’ குழுவில் பேஸ் கிடாரே கிடையாது. அடித்தளத்து ஓசையை ஜாகிரின் இடக்கையும், வயிற்றோடு கடத்தின் வாயை அழுத்தித் திறந்து விநாயகராம் எழுப்பிய நாதமும் பார்த்துக்கொண்டன. குறை எதுவும் தெரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் ஒரு பேஸ் கிடார்காரர் வந்து உட்கார்ந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை? ஹெல்போர்கைக் கேட்கும்போது மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

முதலில் ‘குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்’, 2000ஆம் ஆண்டு ஆல்பம். மூன்றே பேர். ஹெல்போர்க், மெம்ஃபிஸ் நகரத்து கிடார் கலைஞர் ஷான் லேன், கஞ்சிராவில் விநாயகராமின் மகன் வி. செல்வகணேஷ். டிரம்ஸ் செட் இல்லை. ஒரு சாண் அகலமுள்ள கஞ்சிராவும் பேஸும்தான் மொத்த பாரத்தையும் சுமக்க வேண்டும்.

கஞ்சிராவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உடும்புத் தோலின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவியதும் விறைப்பு தளர்ந்து ஓசை இறங்கும். பிடித்திருக்கும் இடக்கை விரல்களால் விளிம்போரம் தோலை அழுத்தினால் நாதம் வழுக்கி ஏறும், விட்டால் இறங்கும். மிருதங்கத்துத் தொப்பியில் கும்கி என்று நாம் ரசிப்பதும் இதே வழுக்கலைத்தான். பேஸில் கம்பிமேல் விரல் சறுக்கும்போதும் அதுதான் நடக்கிறது. தோலும் கம்பியும் ஒரே தாழ்ந்த எல்லைக்குள் நடமாடுகின்றன, ஒன்றின் காலை ஒன்று மிதிப்பதில்லை. எந்த இடத்தில் கீழே இறங்க வேண்டும், எந்த இடத்தில் வழிவிட வேண்டும் என்று ஹெல்போர்க் தேர்ந்துகொள்கிறார் பாருங்கள், அவருடைய கலை முழுக்க அதில் இருக்கிறது.

முதல் தடவை கையில் தாளம் போட்டுக்கொண்டு கஞ்சிராவை மட்டும் தொடருங்கள். அடுத்த தடவை பேஸ். ஷான் லேனின் வேகம் காதைப் பிடித்து இழுக்கும். அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசித் தடமான ‘உமா ஹைமவதி’யை இப்படி இரண்டு தடவை கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது 2003இல் வந்த ‘ஐகான்’. கடத்தில் உமாசங்கர், பாட்டுக்கு உமாமகேஷ் என்று அண்ணன் தம்பிகள் சேர்ந்துகொள்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஷான் லேன் நாற்பது வயதில் இறந்துபோனார். அந்தக் கூட்டணி அத்தோடு முடிந்தது. இன்னும் பத்து ஆண்டுகள் சேர்ந்து வாசித்திருக்க வேண்டியவர்கள். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

ஹெல்போர்கைத் தனியாகக் கேட்க ‘தி சைலண்ட் லைஃப்’ (1991). அகூஸ்டிக் பேஸ் கிடார் ஒன்றே ஒன்று, வேறு எதுவும் இல்லை. ‘டெம்போரல் அனலாக்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1996) தனி வாசிப்பு அல்ல, இரண்டே நீண்ட தடங்கள் கொண்டது. அது காது பழகிய பிறகு.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை விரலால் அழுத்தாமல் மீட்டும்போது வரும் சுரம் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. செல்போன் ஸ்பீக்கரில் அது வராது. மேலே எழும் அனுசுரங்கள்தான் வரும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்தில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். இன்ஜின் உறுமல் பேஸ் இருக்கும் அதே இடத்தைத்தான் அடைத்துக்கொள்ளும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை பாட்டு கேட்கும், பேஸ் கேட்காது. வீட்டில், ராத்திரி, நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

நம் ஊர்க் காதுக்கு இது புதிதும் அல்ல. நடராஜர் தேரின் முன்னால் தவில் தொப்பியின் அடியை நெஞ்சில் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் மேடையில் பேஸ் வாசிப்பவரை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் பக்கம் ஒதுங்கி நிற்பவர் அவர்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் அவரைத்தான் நிறுத்துகிறார்கள். கீபோர்டுகாரரின் இடக்கை அந்த வேலையைச் செய்துவிடும் என்று கணக்கு. சுரம் வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். விரல் கம்பியில் சறுக்கும் அந்த ஓசை வராது. அடுத்த கச்சேரியில் பேஸ் வாசிப்பவர் இருந்தால் ஒரு பாட்டுக்காவது அவர் கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

அடுத்த வாரம், சென்னையிலேயே பதிவாகி 2008இல் வெளிவந்த மெக்லாலினின் ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’. அதில் பேஸ் வாசித்தவர் பிரெஞ்சு இளைஞர் ஹாட்ரியன் ஃபெரோ. ஹெல்போர்க் நின்று வாசிக்கிற இடங்களில் இவர் ஓடுவார். அதனால் அதற்குள் ‘குட் பீப்பிள்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்டு வையுங்கள்.