பட்டியலில் ஒரு பெயர் கூடினால் சோதனை எத்தனை கூடும்?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாநிலமெங்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குக் கணினிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. இப்படியொரு லினக்ஸை மறுபடி போட உட்காருபவரிடம் இன்ஸ்டாலர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: எந்தக் கோப்பு முறைமை வேண்டும்? இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று பட்டியலும் நீளும்.

எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பதுதான் கோப்பு முறைமையின் வேலை. பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்க்கச் சில வரி நிரல் போதும். சோதனைதான் பெருகிவிடும்.

எப்படிப் பெருகுகிறது?

கணினி கிளம்பும் முறையில் பயாஸ், யுஇஎஃப்ஐ என இரு வகை. வட்டு முழுவதையும் லினக்ஸுக்குக் கொடுக்கலாம், விண்டோஸையும் வைத்துக்கொள்ளலாம். வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டலாம்; பூட்டாமலும் விடலாம். ஆக, ஒரே கோப்பு முறைமைக்கு 8 வழிகள். நான்கு கொடுத்தால் 32. ஒவ்வொன்றிலும் கணினி மறுபடி கிளம்புகிறதா, நடுவில் மின்சாரம் போனால் கோப்புகள் தப்புமா, வட்டு நிரம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய வாரம் வட்டைப் பிரிக்கும் நிரலில் கைவைத்தால், 32-ஐயும் திரும்பச் சோதித்தாக வேண்டும்.

பழகிய பெயரும் சிக்கல் தரும்

2023 தொடக்கத்தில் இஎக்ஸ்டி4 வட்டுகளை உருவாக்கும் கருவியின் 1.47 பதிப்பு வந்தது. இரண்டு புதிய வசதிகள் அதில் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தன. கணினியைக் கிளப்பும் ‘கிரப்’ நிரலின் அன்றைய பதிப்புகள் பலவற்றுக்கு அவற்றில் ஒன்று புரியவில்லை. டெபியன் 12 வெளிவருமுன் அதில் அவ்விரண்டும் இயல்பிருப்பில் நிறுத்தப்பட்டன. கோப்பு முறைமையை மட்டும் சோதித்தால் போதாது. அதைத் தொடும் மற்ற நிரல்களோடு சேர்த்தே சோதிக்க வேண்டும்.

என்ன செய்கிறார்கள்?

லினக்ஸ் வெளியிடும் ரெட்ஹேட் நிறுவனம் பட்டியலைக் குறுக்கியது. 2019-இல் வந்த அதன் நிறுவனப் பதிப்பு 8-இல் பிடிஆர்எஃப்எஸ் இல்லை. அதே நிறுவனம் ஆதரிக்கும் ஃபெடோரா வேறு வழியில் போனது. பல வெளியீடுகளில் விருப்பத் தேர்வாக மட்டும் இருந்த பிடிஆர்எஃப்எஸ், 2020 அக்டோபரில் ஃபெடோரா 33-இன் மேசைக்கணினிப் பதிப்புகளில் இயல்புத் தேர்வானது. சர்வர் பதிப்பு எக்ஸ்எஃப்எஸ்ஸிலேயே நின்றது. எந்தப் பிழை வந்தால் வெளியீட்டைத் தள்ளிவைப்பது என்று ஃபெடோரா முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

இயந்திரமும் கைகொடுக்கிறது. இன்னொரு லினக்ஸ் நிறுவனமான சுசே உருவாக்கிய ‘ஓப்பன்கியூஏ’ என்ற சோதனைக் கருவி, மெய்நிகர் கணினியில் இன்ஸ்டாலரைத் தானே இயக்கித் திரையைச் சரிபார்க்கும். ஆனால் பழைய மடிக்கணினியின் தேய்ந்த வட்டையோ அதன் பயாஸ் கோளாறையோ மெய்நிகர் கணினி காட்டாது.

அதற்காகப் பட்டியலை ஒன்றாகச் சுருக்குவதும் சரியல்ல. விருப்பத் தேர்வாக மக்கள் பயன்படுத்திப் பார்த்திராவிட்டால் பிடிஆர்எஃப்எஸ் இயல்புத் தேர்வாக முதிர்ந்திருக்காது. முழுமையாகச் சோதித்தவை எவை, பயனரின் பொறுப்பில் விடப்பட்டவை எவை என்று இன்ஸ்டாலர் திரையிலேயே பிரித்துக் காட்டுவதே நேர்மை. அப்படிக் காட்டாத இடத்தில், தனித் தேவை இல்லாதவர்கள் இயல்புத் தேர்வை மாற்றாமல் விடுவது நல்லது. பெரும்பாலும் அதிகம் சோதிக்கப்பட்ட வழி அதுதான்.