பழத்தோலும் நீரிழிவும்

தில்லியில் என் அண்டை வீட்டுப் பெரியவர் நீரிழிவு உடையவர். மாதுளைத் தோலை உலர்த்திப் பொடித்து வைத்திருந்த அவர், "இதை உண்டால் கொலஸ்டிரால் மாத்திரையை நிறுத்தி விடலாம் அல்லவா?" என்று ஒரு நாள் வினவினார். நேயர்கள் பலருக்கும் இவ்வினா எழக்கூடும்.

நீரிழிவுக்கும் கொலஸ்டிராலுக்கும் தொடர்பு யாது? இன்சுலின் குன்றினால், உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதனை மீண்டும் இரத்தத்தில் செலுத்துகிறது. அதனால் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுகிறது. நன்மை தரும் எச்.டி.எல். குறைகிறது. மாரடைப்புக்கு இஃது ஒரு வழி.

பழத்தோலில் பெக்டின் என்னும் நார்ப்பொருள் உண்டு. அது குடலில் பித்த உப்புகளைப் பற்றி வெளியேற்றுகிறது. அவ்விழப்பை ஈடு செய்யக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிடுகிறது. துவர்ப்புப் பொருள்களும் தோலில் மிகுதி. ஆராய்ச்சியாளர் தோலை நாடியது இவற்றின் பொருட்டே.

தோலை உலர்த்திப் பொடித்து, நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து வடித்துச் சாரம் எடுக்கின்றனர். நோயுற்ற எலிகளில் ஒரு பிரிவுக்கு அதனை அளித்து, அளிக்காத பிரிவுடன் இரத்தத்தை ஒப்பிடுகின்றனர். இந்தூர் தேவி அகல்யா பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கொழுப்புத் தீனியால் கெட்டிருந்த எலிகளின் இரத்தக் கொழுப்பும் சர்க்கரையும், மாம்பழம், முலாம்பழம், தர்ப்பூசணி ஆகியவற்றின் தோல் சாரத்தால் சீரடைந்தன.

மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் எலி மனிதன் அன்று. எலியின் கொலஸ்டிராலில் பெரும்பகுதி எச்.டி.எல். வடிவில் உள்ளது, நமக்கோ தீமை தரும் எல்.டி.எல். வடிவில் உள்ளது. மேலும், பொடி வேறு, சாரம் வேறு. ஆல்கஹாலில் துவர்ப்புப் பொருள்கள் கரையும், பெக்டின் கரையாது. கடைப் பழத்தின் தோலில் பூச்சி மருந்து படிந்திருப்பதும் உண்டு.

மாத்திரையின் சான்று வேறு வகையினது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நீரிழிவுடைய 2,838 பேரிடம் நடந்து, 2004-ல் வெளியான சோதனையில், அடார்வாஸ்டாட்டின் என்னும் மருந்து மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகளை நூற்றுக்கு 37 பங்கு குறைத்தது. எந்தப் பழத்தோலும் இத்தகைய தேர்வில் இன்னும் நின்று காட்டியதில்லை.

ஆகவே பெரியவருக்கு நான் கூறிய விடை இதுவே: மாத்திரையை நிறுத்தாதீர்கள், பொடியை உண்ண விரும்பினால் மருத்துவரிடம் முன்னரே சொல்லுங்கள். பழத்தோலின் ஆராய்ச்சி தொடரட்டும். அது முடியும் வரை நம் இதயம் காத்திருக்க இயலாது.