ஏட்டு மந்திரவாதியும் பிறவி மந்திரவாதியும்



மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. உங்களுள் சிலர் அதனை ஆடியும் இருப்பீர்கள். ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அமைத்த அவ்விளையாட்டு 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் கதைத் தலைவராக இருப்பார். ஏனையோர், “நான் இன்னது செய்கிறேன்” என்று கூறுவர். செயல் பலித்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் பகடை தீர்மானிக்கும்.

இவ்விளையாட்டில் மந்திரம் வல்லோர் இரு வகையினர். முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்வோர் ஒரு வகை. நினைத்த மாத்திரத்தில் ஏவுவோர் மற்றொரு வகை. இவ்விருவருக்கும் உள்ள வேற்றுமை உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஆயத்தம் செய்வோரை முதலில் காண்போம். ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ‘தி டையிங் எர்த்’ என்ற நூல் 1950-இல் வெளிவந்தது. அதில் வரும் மந்திரவாதிகள் ஒரு சில மந்திரங்களையே ஒரு நேரத்தில் உள்ளத்தில் தாங்க வல்லவர்கள். ஒரு முறை உச்சரித்ததும் மந்திரம் உள்ளத்தைவிட்டு நீங்கிவிடும். மீண்டும் ஏட்டைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். இக்கருத்தையே கைகாக்ஸ் தம் விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டார். இவ்வகையினரை ஆங்கிலத்தில் ‘விஸர்ட்’ என்பர். நாம் ‘ஏட்டு மந்திரவாதி’ என்று வழங்குவோம்.

இரண்டாம் வகையினர், 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் தோன்றினர். ‘ஸார்ஸரர்’ எனப்படும் இவர்களுக்கு ஏடு இல்லை, பாடம் இல்லை, ஆற்றல் பிறவியிலேயே வாய்த்தது. ஆதலால் இவர்களைப் ‘பிறவி மந்திரவாதி’ என்போம். ஏட்டு மந்திரவாதிக்கு அறிவுக் கூர்மையும், பிறவி மந்திரவாதிக்கு ஆளுமையும் அடிப்படையான பண்புகளாகும்.

அந்தப் பதிப்பின் விதிகளைக்கொண்டு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இருவரும் முதற்படியில் நிற்பவர்கள். இருவருக்கும் தத்தமக்குரிய பண்பில் 16 புள்ளிகள் உள்ளன என்று கொள்க. மிகச் சிறிய மந்திரங்களை விட்டுவிடுவோம். ஏட்டு மந்திரவாதியின் ஏட்டில் 6 மந்திரங்கள் இருக்கும். ஆனால் நாளொன்றுக்கு 2 முறையே ஏவலாம். பிறவி மந்திரவாதி அறிந்தவை 2 மந்திரங்களே. ஆனால் நாளொன்றுக்கு 4 முறை ஏவலாம். அகலம் ஒருவனுக்கு, மிகுதி மற்றவனுக்கு.

இவர்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நுழைகின்றனர். அங்கே காவலர்கள் இருப்பர் என்றெண்ணி, ஏட்டு மந்திரவாதி உறக்க மந்திரத்தையே இரு முறைக்கும் ஆயத்தம் செய்து வந்திருக்கிறான். எதிர்ப்பட்டவையோ எலும்புக்கூடுகள்! உயிரற்றவற்றுக்கு உறக்கம் ஏது? அவன் கைகட்டி நிற்கிறான். பிறவி மந்திரவாதி அறிந்தவை உறக்க மந்திரமும் மந்திர அம்பும். உறக்கத்தை ஒதுக்கிவிட்டு, குறி தவறாத மந்திர அம்பை நான்கு முறையும் எய்து தோழரைக் காக்கிறான்.

அடுத்து ஒரு சுவர். அதன்மேல் எவரும் அறியாத மொழியில் ஒரு வாசகம். இப்போது பிறவி மந்திரவாதி திகைக்கிறான். நாளையும் அவன் அறிந்தவை அதே இரண்டுதாம். ஏட்டு மந்திரவாதியோ, “இரவு உறங்கி எழுவோம்; காலையில் மொழியறியும் மந்திரத்தை ஏட்டிலிருந்து ஆயத்தம் செய்துகொள்கிறேன்” என்கிறான். அவ்வாறே மறுநாள் வாசகத்தைப் படித்தும் விடுகிறான். ஆனால், அந்த ஏடு களவு போயிருந்தால் அவன் நிலை யாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில்தான் ஒரு பொதுக் கருத்தைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஒருவன் ஆயத்தம் செய்கிறான், மற்றவன் செய்வதில்லை என்று பலரும் கூறுவர். இஃது உண்மையன்று. இருவருமே ஆயத்தம் செய்தவர்கள். ஏட்டு மந்திரவாதி இன்று காலையில் தேர்ந்தான். பிறவி மந்திரவாதி என்றோ ஒரு நாள், அம்மந்திரத்தை அறிந்தபொழுதே தேர்ந்துவிட்டான். முன்னவனுடைய பிழை ஒரு நாளில் தீரும். பின்னவனுடைய பிழை நெடுங்காலம் உடன்வரும். உடனுக்குடன் செயற்படுவோன் என்று நாம் வியப்பவன், உண்மையில் நெடுநாட்களுக்கு முன்பே ஆயத்தம் முடித்தவன்.

விளையாட்டை அமைத்தோரும் இதனை உணர்ந்தே வந்திருக்கின்றனர். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், பிறவி மந்திரவாதி நான்காம் படியிலும், அதன் பின் ஒவ்வோர் இரட்டைப்படை எண் படியிலும் ஒரு பழைய மந்திரத்தை மாற்றிக்கொள்ள இசைவு தந்தனர். 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில், எந்த மந்திரத்தை எத்தனை முறை என்று காலையிலேயே கணக்கிடும் சுமையை ஏட்டு மந்திரவாதியின் தோளினின்று இறக்கினர். அவன் ஒரு பட்டியலை ஆயத்தம் செய்தால் போதும். அதனுள் வேண்டியதை வேண்டியபோது ஏவலாம். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், இருவருடைய மந்திரங்களுக்கும் ‘ஆயத்தம் செய்தவை’ என்னும் ஒரே பெயரையே சூட்டினர். ஏட்டு மந்திரவாதி நீண்ட ஓய்வுக்குப்பின் பட்டியலையே மாற்றலாம். பிறவி மந்திரவாதி படி உயரும்பொழுது ஒன்றை மாற்றலாம். வேற்றுமை ஆயத்தத்தில் இல்லை; அதனை மாற்றுதற்கு ஆகும் காலத்திலேயே இருக்கிறது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்பினுள் நுழைதல் ஆகாது என்பதே எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. எனினும், குறிப்பில் இல்லாத வினா ஒன்றை மாணவன் எழுப்பும்பொழுது குறிப்பேடு உதவாது. பல ஆண்டுகள் கற்றுச் செரித்ததே உதவும். அதுவும் ஆயத்தமே. நம் நாட்டு ஆசுகவிகளும் கேட்டவுடன் பாடினர் எனில், யாப்பும் சொல்வளமும் அவர்கள் நாவில் முன்பே குடியேறியிருந்தன என்பதே அதன் பொருள்.

தலைமையாசிரியனாக இருந்த நாட்களில் இரு வகை மாணவரையும் கண்டிருக்கிறேன். விடைகளை மனப்பாடம் செய்தவன், வினாவின் சொல் மாறியதும் தடுமாறுவான். நாவன்மை வாய்ந்தவன், அறிந்த இரண்டு செய்திகளையே எல்லா வினாக்களுக்கும் எய்து பார்ப்பான். இவர்களைவிட என் மனத்தை வருத்தியவர்கள் வேறு சிலர். “எனக்குப் பிறவித் திறமை இல்லை” என்று புத்தகத்தை மூடிவிட்ட பிள்ளைகள் அவர்கள். தோழனுடைய உடனடி விடையைக் கண்டார்கள். அதற்கு முன் கழிந்த ஆண்டுகளைக் காணவில்லை.

மூன்றாம் பதிப்பில் நயமான விதி ஒன்று உண்டு. ஏட்டு மந்திரவாதி காலையில் தன் இடங்கள் அனைத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, நிலைமை தெரிந்த பின், கால் மணி நேரம் அமர்ந்து நிரப்பிக்கொள்ளலாம். எதிர்காலத்தை முற்றும் அறிந்தவன் எவனும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளும் விதி இது. நீங்கள் வகுக்கும் படிப்புத் திட்டத்திலும் இத்தகைய வெற்றிடம் ஒன்று இருக்கட்டும். நாள்தோறும் மாற்றத்தக்கவற்றை நாள்தோறும் ஆயத்தம் செய்யுங்கள். நெடுங்காலம் உடன்வரப் போகின்றவற்றை அவசரமின்றித் தேர்ந்து, நாவிலும் கையிலும் படியும்வரை பழகுங்கள். அவ்வாறு பழகியதைக் கண்டு, பிறவித் திறமை என்று உலகம் ஒருநாள் கூறுமாயின், அதனை நீங்கள் நம்பிவிட வேண்டாம்.