வீட்டின் கடைசி அறைக்கும் வைஃபை

கூடத்தில் தடையின்றி இயங்கும் வங்கிச் செயலி, பின்கட்டு அறையில் பணம் செலுத்தும் வேளையில் பாதியில் நின்றுவிடுவதை நம்மில் பலரும் கண்டிருப்போம். குறை பெரும்பாலும் இணைப்பில் இல்லை. ரௌட்டர் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் அலையின் வலிமையைக் குறைக்கின்றன. ஆகவே, முதலில் ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான திறந்த இடத்தில், இரும்பு பீரோவை விட்டு விலக்கி வைப்போம். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. சுவர்களைக் கடப்பதிலோ 2.4 கிகாஹெர்ட்ஸே மேலானது. தொலைவிலுள்ள அறைக்கு அதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதன் பின்னும் குறை நீடித்தால் ரிப்பீட்டர் உதவும். அலை எட்டாத அறையிலேயே அதைப் பொருத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. தான் பெறும் அலையையே அது மீண்டும் அனுப்புகிறது. எனவே, அங்கே கைபேசியில் அலைக்கோடுகள் நிறைந்து தெரிந்தாலும் இணைப்பு மெலிந்தே இருக்கும். ரௌட்டருக்கும் அவ்வறைக்கும் இடையில், அலை நன்கு கிடைக்கும் இடமே அதற்கு உரியது. மாடி வீடுகளில், லேன் கேபிள் வழியாக இரண்டாவது அக்சஸ் பாயின்ட் அமைத்தால் வேகமும் குறையாது.

புதிய கருவியுடன் வரும் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுவோம். பணம் செலுத்துகையில் இணைப்பு அறுந்தால், அப்பரிவர்த்தனையின் நிலையைப் பார்த்த பின்னரே மீண்டும் முயல்வோம்.