கோடையில் கொல்லைப்புற வேலை: நிழலும் நேரமும்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் கோடையில் லேப்டாப்போடு கொல்லைப்புறத்துக்கு வரலாமா? தாராளமாக வரலாம், மர நிழலும் நேரக் கணக்கும் இருந்தால் போதும். வானிலை அறிக்கையில் 38 டிகிரி என்று சொல்வது, வெயில் படாத, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு. நிழலிலேயே அவ்வளவு சூடு என்றால், வெயிலில் உட்கார்பவர் உடம்பில் நேராக இறங்கும் கதிரின் சூடும் அதனோடு சேரும். நிழலிலும் வேறுபாடு உண்டு. தகரக் கூரை வெயிலை மறைக்கும், ஆனால் தானும் காய்ந்து அந்த அனலைக் கீழே இருப்பவர் மீது இறக்கும். மரத்தின் இலை, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டபடியே இருப்பதால் அப்படிக் கொதிப்பதில்லை. வேம்பும் புங்கையும் இலை உதிர்த்துத் துளிர்த்து, கத்திரி வெயிலுக்குள் மறுபடி அடர்ந்துவிடுகின்றன. கொல்லையில் தகர ஷெட் போட நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டு முதலில் ஒரு புங்கங்கன்று நடட்டும்.

வீட்டுக்குள் ஃபேன் இருக்கும்போது வெளியே எதற்கு என்று கேட்கலாம். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி, வாங்கிய சூட்டை மாலையிலும் இரவிலும் அறைக்குள் விடுகிறது. அந்த நேரத்தில் மரத்தடியே குளிர்ச்சி. காலை ஒன்பது வரையிலும் அப்படித்தான். நடுப்பகலில் மட்டும் உள்ளே போய்விட வேண்டும். பல லேப்டாப்புகளுக்கு அவற்றைத் தயாரிப்பவர்களே விதிக்கும் வரம்பு 35 டிகிரி; அதைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து வைத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். திரை கூசுகிறது என்பதும் நியாயமான குறைதான். அடிமரத்தையோ அடர்நிறச் சுவரையோ முதுகுப்பக்கம் வைத்து உட்கார்ந்தால், பின்னாலுள்ள வெளிச்சம் திரையில் பிரதிபலிப்பது பெரிதும் குறையும்.

கொசுதான் கடினமான ஆட்சேபம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதுவும் நாம் வெளியே உட்காரச் சொல்லும் காலையிலும் மாலையிலும்தான் அதிகம். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமாகும் என்பதால், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் தவறாமல் கொட்டிவிட வேண்டும். முழுக்கைச் சட்டையும் உதவும். மீதமிருப்பது அலுவலக நேரம். ஒன்பது முதல் ஆறு என்பது குளிரூட்டிய கட்டடத்துக்கு வகுத்த கணக்கு. நிறுவன மேலாளர்களே, சித்திரை, வைகாசி இரண்டு மாதமாவது வேலையைக் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்துச் செய்ய உங்கள் ஊழியர்களை அனுமதியுங்கள்.